கப்பலுக்கு அடுக்களை காணப் போன மீட்டர் மாமா

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் எந்த வீட்டு அடுக்களையில் என்ன வேகிறது என்று கடவுளுக்குக்கூட முழுசாகத் தெரிந்திருக்காது. மீட்டர் மாமாவுக்குத் தெரியும். கரண்டு ஆபீசில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் சேர்ந்து, அதே வேலையில் ஓய்வு பெற்றவர் அவர். மற்ற ஆட்கள் முன்வாசலில் வண்டியை நிறுத்தி, மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் குறித்து முடித்ததும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போவார். அடுக்களை வாசலில் நின்று, "கொஞ்சம் வெள்ளம் தருவியளா?" என்பார். தண்ணீர் வருவதற்குள் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிடுவார். அந்த வீட்டைப் பற்றி அவருக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் கிடைத்துவிடும்.

அவருக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் அதை அச்சடித்துத் தொலைத்தோம். பத்திரிகை போன வீடுகளிலிருந்தெல்லாம் போன் வந்தது. "எலே, பெண்ணைத் தாரைவாத்துக் கொடுக்கப்போறது மீட்டராக்கும்னு சொன்னியே, இதுல வேற ஆரோ ஒருத்தனுக்க பேரு கிடக்கு?" என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் என் அம்மா மிச்சமிருந்த பத்திரிகைகளில் பேனாவால் 'மீட்டர்' என்று எழுதிக் கொடுத்தாள்.

கல்யாணத் தரகர்கள் அவரிடம் கேட்காமல் ஒரு சம்பந்தத்தையும் தொட மாட்டார்கள். ஆரியங்கோட்டில் டாக்டர் மாப்பிள்ளை ஒருவருக்குப் பெண் கிடைக்காமல் போனது இவரால்தான். "பையன் தங்கம். ஆனா அந்த வீட்டுல ரெண்டு மட்டம் போனேன், ரெண்டு மட்டமும் பால் பொங்கி அடுப்புல கிடக்கு. பொங்குக பாலப் பாக்க ஆளில்லாத வீட்டுல பொம்பளப் பிள்ளைய ஆரு பாப்பா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பெண் வீட்டார் அன்றைக்கே பேச்சை முறித்துக்கொண்டார்கள். டாக்டர் பிறகு கோட்டயம் பக்கம் போய்க் கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி.

"முன்பக்கத்த எல்லாவனும் பெயின்ட் அடிச்சு வச்சிருப்பான் மக்கா. பின்பக்கத்தப் பாக்கணும்" என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை.

இப்படிப்பட்ட மனிதர் வளர்த்த பெண்ணைத்தான் நான் கட்டினேன். சுஜா அவருடைய தங்கை மகள். தாயும் தகப்பனும் அவளுடைய சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். கல்யாணம் கட்டாத தாய்மாமன்தான் அவளுக்கு எல்லாமும். நான் குளத்தூர்க்காரன், அப்போது சென்னையில் வேலை. சம்பந்தம் பேச அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

ஹாலில் நாற்காலி போட்டு, பழம்பொரியும் சாயாவும் வைத்துக் காத்திருந்தோம். மாமா செருப்பைக் கழற்றினார். எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார். ஹாலைத் தாண்டி நேராக அடுக்களைக்குள் போய்விட்டார்.

"அண்ணே, இஞ்ச வந்து இருங்க" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள்.

"இருக்க வரல்ல அக்கச்சி. பாக்க வந்ததாக்கும்."

மீன்கறிச் சட்டியின் மூடியைத் தூக்கி மோந்தார். கேஸ் அடுப்பின் பின்னால் விரலை விட்டு இழுத்து, விரலைப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குனிந்து டார்ச் அடித்தார். பிறகு மேடையில் கிடந்த கைத்துணியை எடுத்து மூக்கில் வைத்து, "இது எண்ணு மாத்தினது?" என்றார். என் அம்மா தலைமை ஆசிரியையாக இருந்தவள். அவள் நடந்து வந்தால் பள்ளிக்கூடத்து மரத்தில் காக்கை கத்தாது. அந்த அம்மா, "நேத்து... நேத்துத்தான்..." என்று திக்கினாள்.

அடுத்தது நான். "எலே மக்கா, இந்த வீட்டுக் குக்கருக்க வாசர் எங்க இருக்கும்?"

குக்கர் எங்கே இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. கை போன போக்கில் ஃப்ரிட்ஜைக் காட்டினேன். மாமா போய் ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே, ஐஸ் கட்டிக்கும் நெத்திலிப் பொட்டலத்துக்கும் நடுவில், ரப்பர் வாசர் சுருண்டு கிடந்தது. தளர்ந்துபோன வாசரைக் குளிரில் வைத்தால் இறுகும் என்று அம்மா போட்டு வைத்திருக்கிறாள். என் வாழ்க்கையில் நான் குருட்டாம்போக்கில் அடித்ததில் அதைவிடப் பெரிய அடி வேறில்லை.

"பையன் கொள்ளாம்" என்றார் மாமா. அப்படித்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

சுஜா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. தேனிலவுக்குக் கப்பலில் போக வேண்டும். ஊட்டி வேண்டாம், மூணாறு வேண்டாம், கப்பல். ஆரியங்கோட்டு ரப்பர் மரங்களுக்குள் வளர்ந்தவளுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஆசை என்று கேட்டேன். சின்ன வயதில் மாமா அவளைப் பொழியூர்க் கடற்கரைக்குக் கூட்டிப் போவாராம். இருட்டத் தொடங்கும்போது தூரத்தில் விளக்குகள் ஒன்றாய் நகர்ந்து போகும். 'அது கப்பலாக்கும்' என்று காட்டுவாராம். "அந்த விளக்குக்கு உள்ள ஒரு மட்டம் நிக்கணும். அதுல இருந்து இஞ்ச பாக்கணும்" என்றாள். கூடவே ஒன்றையும் சொல்லி வைத்தாள். "மாமன் மனசறிஞ்சு போன்னு சொல்லணும். இல்லேங்கி எனக்கு வேண்டாம்."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அவ்வளவு அப்பாவி நான்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு டிராவல்ஸ். நிச்சயம் முடிந்து நான் லீவில் வந்திருந்த சமயம். நானும் சுஜாவும் நடுவில் மாமாவுமாக உட்கார்ந்தோம். அங்கிருந்த பெண் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"சார், இது சிங்கப்பூர் கப்பலு. பதினோரு நில, பதினோரு மாடி. ஸ்விம்மிங் பூல் உண்டு, தியேட்டர் உண்டு, எல்லாம் உண்டு."

"அடுக்களை?" என்றார் மாமா.

"சார்?"

"அடுக்களை எத்தனாமத்த நிலையில?"

அந்தப் பெண் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. அவள் அவசரமாகத் தேடி, நீள மேஜையில் பலகாரங்கள் அடுக்கி வைத்த ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது விளம்புக எடம். வைக்குக எடம் எங்க? ஒரு ஊரு ஆளு ஏறுகு. சோறு எங்க வேகுகுன்னு ஒரு படம் இல்ல. குளிக்குக படம் மட்டும் நெறைய உண்டு. எனக்க பிள்ள குளிக்கவா போறா? அதுக்கு நெய்யாறு போராதா?"

சிங்கப்பூர் கப்பல் அத்தோடு மூழ்கியது. அடுத்து, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிற கப்பல். அதன் வரைபடத்தில் அடுக்களை இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்கு மேல்தளத்தில் உடற்பயிற்சிக் கூடம். "மேல நிண்ணு ஒருத்தன் ஓடுகான், கீழ நிண்ணு ஒருத்தன் தாளிக்கான். தூசி எங்க விழும்?" என்று என்னைப் பார்த்தார். ஏதோ நான்தான் அந்தக் கப்பலைக் கட்டிய மேஸ்திரி மாதிரி.

மூன்றாவது, கொச்சியிலிருந்து புறப்பட்டு லட்சத்தீவுப் பக்கம் போய், மூன்று நாளில் கொச்சிக்கே திரும்பும் கப்பல். டிராவல்ஸ் பெண் கெட்டிக்காரி. அதற்குள் பாடம் படித்துவிட்டாள். கப்பல் கம்பெனிக்கே போன் போட்டு அடுக்களைப் படத்தை வரவழைத்தாள். எவர்சில்வர் பளபளவென்று மின்னியது. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் பார்த்தார்.

"ஒரு ஆளையும் காணல்ல. அடுப்புல தீ கத்தல்ல. இது கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த படமாக்கும்."

என் பொறுமை போய்விட்டது. "மாமா, நாங்க என்ன சாப்பிடவா போறோம்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

டிராவல்ஸ் பெண் லேப்டாப்புக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மாமாவின் முதுகுக்குப் பின்னால் கை நீட்டிச் சுஜா என் இடுப்பில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் வந்தது. மாமா மட்டும் உண்மையாகவே புரியாமல், "பின்ன எதுக்கு?" என்று கேட்டார். ஒரு தாய்மாமனிடம் சொல்லக்கூடிய பதிலா அது?

மறுநாள் என்னைப் பொழியூருக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மிக்கேல் என்று ஒரு கடல்காரர், மாமாவின் பழைய சினேகிதர். வலையைப் பரத்தி வைத்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிக்கேலு, நீ எத்தன கப்பல் கண்டிருப்ப. அதுக்க அடுக்களை எங்கன?"

"நல்ல கேள்வி! கப்பலக் கண்டா நாங்க வலைய வாரிக்கிட்டு ஓடுவமா, நிண்ணு அடுக்களை பாப்பமா?" என்றார் மிக்கேல். பிறகு, வந்தவர் வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, "காத்து இங்க திரும்பினா சில நேரம் வெங்காயம் வதக்குக மணம் வரும்" என்று சேர்த்துக்கொண்டார். அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். விறுவிறுவென்று கடலில் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று, கண்ணை மூடி, மூக்கை மேற்கே நீட்டினார். தூரத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஏதோ ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. கரையில் பந்தடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நான் யாரோ எவரோ மாதிரி ஒரு வள்ளத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஓர் அலை வந்து அவரை இடுப்பு வரை நனைத்தது. அவர் அசையவில்லை.

திரும்பி வந்து சொன்னார்: "எண்ண மாத்தாம பொரிக்கான்."

நான் ஆடிப்போய்விட்டேன். மிக்கேல் வலையைக் கீழே போட்டுவிட்டு, "அது சரக்குக் கப்பலுல்லா, மூப்பிலே! அதுல சிமென்டாக்கும் போகுது!" என்றார். மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. சிமென்ட் கப்பலில் ஆளுக்குச் சோறு கிடையாதா என்று கேட்டார். மிக்கேல் மறுபடி வலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆனால் வழியில் அவராகவே, "கொச்சிக் கப்பலுக்கு டிக்கெட் எடு. பாப்போம்" என்றார். நான் துள்ளிக் குதித்துச் சுஜாவுக்குப் போன் போட்டேன். அவள் குரலில் துள்ளல் இல்லை. "பாப்போம்னா சொன்னாரு? அப்ப இன்னும் சம்மதமில்ல" என்றாள்.

கல்யாணம் நடந்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் வீட்டில் அடுக்களை காணல். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்து சில நாளில் பெண் வீட்டார் கூட்டமாக மாப்பிள்ளை வீட்டுக்கு வருவார்கள். உருளி, வாழைக்குலை, முந்திரிக்கொத்து எல்லாம் கொண்டு வந்து, தங்கள் பெண் இனிமேல் ஆக்கித் தின்னப்போகிற அடுக்களையைக் கண்ணால் கண்டுவிட்டு, விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இந்தக் காலத்தில் எல்லாரும் அடுக்களை வாசலில் ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. எங்கள் வீட்டில் மாமா உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. அம்மா அதற்காக முந்தின நாளே வீட்டில் இருந்த கைத்துணிகளையெல்லாம் எரித்துவிட்டுப் புதுசு வாங்கி வைத்திருந்தாள்.

கப்பல் புறப்படுகிற நாள் வந்தது. கப்பல் பயணம் முடிந்ததும் சுஜாவும் நானும் நேரே சென்னைக்குப் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் சுஜா மாமாவிடம், "நான் போட்டுமா மாமா?" என்று கேட்டாள். "நான் கொச்சிக்கு வழியனுப்ப வாறேன்" என்று மட்டும் சொன்னார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

நாங்கள் ரயிலில் போய்ச் சேர்ந்து, டாக்சி பிடித்துத் துறைமுகத்து வாசலில் இறங்கினோம். இறங்கிய வேகத்தில் நான் மறுபடியும் டாக்சிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு டெம்போ வேன் நின்றது. அதிலிருந்து பட்டுச்சேலை கட்டிய சித்திமாரும் அத்தைமாரும் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்து. இரண்டு பேர் சேர்ந்து ஒரு வெண்கல உருளியைப் பிடித்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், தோளில் ஆள் உயரச் செந்துளுவன் குலையோடு, சலவை வேட்டியில், மீட்டர் மாமா.

தொப்பியும் அரைக்கால் சட்டையுமாய்க் கப்பல் ஏற வந்த வடக்கத்தி ஜோடிகள் வாழைக்குலையோடு நின்று செல்ஃபி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வாசல் காவலர் ஓடி வந்தார். "எந்தா சேட்டா இது?"

"அடுக்கள காணலு" என்றார் மாமா.

"ஆருடெ அடுக்கள?"

"கப்பலின்டெ."

காவலர் திரும்பி, பின்னால் மலைபோல் நின்ற கப்பலை ஒரு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த திகைப்பு எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. "சேட்டா, இது வீடல்லல்லோ" என்றார் பாவமாக.

"மூணு நாளு எனக்க பிள்ள தின்னு ஒறங்குக எடம் வீடில்லேங்கி பின்ன என்னவாக்கும்?" என்று மாமா கேட்டார். பின்னால் நின்ற அத்தைமார் எல்லாரும், "அது நியாயமுல்லா!" என்றார்கள்.

மேல் அதிகாரி வந்தார். அவருக்கு மேல் உள்ளவரும் வந்தார். பயணச்சீட்டு இல்லாத ஆள் உள்ளே போக முடியாது என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எடுத்துச் சொன்னார்கள். மாமா கோபப்படவில்லை, கத்தவில்லை. குலையைத் தோள் மாற்றிக்கொண்டு, "நான் கண்டிட்டுப் போயிருவேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒலிபெருக்கியில், ஏற வேண்டியவர்கள் சீக்கிரம் ஏறும்படி அறிவிப்பு வந்தது. சுஜா தன் பெட்டியைப் படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சுஜா, கப்பல் போயிரும்!"

"போட்டு. மாமன் போன்னு சொல்லல்ல. நான் ஏறமாட்டேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும்தான். இந்த மனிதருக்கு நான் என்ன துரோகம் செய்தேன்? ஒரு பெண், வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை, அந்தக் கப்பல் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வாழைக்குலை! "நீங்க எந்த அடுக்களையக் கண்டாலும் குத்தம்தான் சொல்லுவிய மாமா" என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் கப்பலிலிருந்து சீருடை போட்ட ஓர் அதிகாரிப் பெண் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் நல்ல மனசுக்காரி. எங்கேயோ போன் பண்ணினாள். கொஞ்ச நேரத்தில் நீள வெள்ளைத் தொப்பி வைத்த, பெரிய உடம்புக்காரரான கோவாக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கப்பலின் தலைமைச் சமையல்காரர். உள்ளே விட வழியில்லை, வேண்டுமானால் போனில் வீடியோ போட்டு அடுக்களையைக் காட்டுகிறேன் என்றார். மாமா சொல்வதை நான் ஆங்கிலமாக்க வேண்டும், அவர் அதை இந்தியில் மாற்றிப் போனுக்குள் சொல்ல வேண்டும்.

மாமா குலையை இறக்கி வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உப்பு எங்க வச்சிருக்கான்? அதுக்கு மூடி உண்டா?"

உண்டு.

"கழுவுக தொட்டிக்கடியில காட்டச் சொல்லு."

காட்டினார்கள். வறண்டு கிடந்தது.

"எண்ண என்ன நெறத்துல இருக்கு?"

ஒருவன் வாணலியைச் சாய்த்துக் காட்டினான். தெளிவாக இருந்தது.

"அந்தக் கைத்துணிய மணத்திப் பாக்கச் சொல்லு."

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று எனக்கு வியர்த்து ஊற்றியது. எப்படியோ சொன்னேன். கோவாக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போனுக்குள் ஏதோ உறுமினார். திரையில் ஒரு பொடியன் துணியை மூக்கில் வைத்து மோந்து, கட்டைவிரலை உயர்த்தினான். அத்தைமார் கை தட்டினார்கள். காவலரும் தட்டினார்.

மாமா விடவில்லை. அடுப்புக்குப் பின்னால், அரிசி வைக்கும் இடம், மீன் வெட்டும் பலகை, குப்பைத் தொட்டி. ஒவ்வொன்றுக்கும் கோவாக்காரரின் முகம் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவனின் முகமாகிக்கொண்டே வந்தது. ஒன்றிலும் குற்றம் இல்லை. மாமாவின் குரல் வரவர இறங்கியது. "இன்னும் ஒருக்க அந்த அடுப்புக்கடியில காட்டச் சொல்லு" என்றார். காட்டினார்கள். சுத்தமாக இருந்தது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுஜா எழுந்து பக்கத்தில் வந்தாள். "மாமா, இன்னும் பாக்கணுமா?"

"இல்ல மோளே. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா. "அதாக்கும் சங்கடம்."

எந்த அடுக்களையையும் அவர் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லி ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை. அத்தைமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கோவாக்காரர் என் தோளை உலுக்கினார். என்னால் அதை ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. சற்றுமுன் அவரைப் பார்த்துக் கத்திய கத்து எனக்கே காதில் கேட்டது. சுஜா அவர் நெஞ்சில் முகத்தை வைத்துத் தேம்பினாள். அவர் அவள் தலையைத் தட்டி, "போயிட்டு வா மக்கா. மனசறிஞ்சுதான் சொல்லுகேன். நேரத்துக்குத் தின்னு, கேட்டியா?" என்றார்.

வாழைக்குலையை உள்ளே விட மாட்டேன் என்றார்கள். அதை வாசலிலேயே சீப்புச் சீப்பாகப் பிய்த்துக் காவலர்களுக்கும் வடக்கத்தி ஜோடிகளுக்கும் கொடுத்தோம். கோவாக்காரர் ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார். உருளியை மட்டும் மாமா அவர் கையில் வைத்தே தீர்வேன் என்றார். அந்தப் பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கப்பல் நகர்ந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்தன. சுஜா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்தாள். அவள் இத்தனை வருஷமாய் நிற்க ஆசைப்பட்ட இடம். எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஊர் வீடெல்லாம் எட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிற இந்தப் பழக்கம் இவருக்கு எப்படி வந்தது என்று கேட்டேன்.

சுஜா திரும்பி என்னைப் பார்த்தாள். "குத்தம் பாக்கவா போனாரு? எனக்கு அம்ம போன நேரம் மாமனுக்குக் கஞ்சி வைக்கக்கூட அறியாது. ரீடிங் எடுக்கப் போற வீட்டுல எல்லாம் வெள்ளம் கேட்டு நிண்ணு, பொம்பளைமாரு எப்படிச் சோறு கறி வைக்காவன்னு பாத்துப் பாத்துப் படிச்சதாக்கும். அண்ணைக்குப் பாத்தது என்னவோ, பொழுது சாயுகதுக்குள்ள அது எனக்க பிளேட்டுல இருக்கும்."

பெண் பார்க்கப் போனபோது நாங்கள் அவர் வீட்டு முன்னறையில் மிக்சர் தின்றுவிட்டு வந்தோம். நிச்சயத்துக்கும் அதே முன்னறைதான். வழக்கப்படி பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டு அடுக்களையைக் காண வேண்டும். மீட்டர் மாமாவின் அடுக்களையைக் காண வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒருவரும் கேட்டதே இல்லை.

சிக்னல் போவதற்குள் போனை எடுத்தேன். மாமா வேனில் இருந்தார். பின்னால் அத்தைமாரின் இரைச்சல் கேட்டது.

"மாமா, நாங்க நேரே சென்னைக்குப் போகல்ல. திரும்பி வந்ததும் எனக்க அம்மையையும் எங்க ஆளுகளையும் கூட்டிட்டு ஒங்க வீட்டுக்கு அடுக்களை காண வாறோம்."

அவர் அத்தைமாரைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வது கேட்டது.

"உள்ளதாத்தான் சொல்லுகியா மக்கா?"

"உள்ளதாக்கும் மாமா."

"வாருங்க, எல்லாரும் வாருங்க" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொள்கிற சத்தம் கேட்டது. "மூணு நாளு உண்டுல்லா... அதுக்குள்ள நான் எல்லாம் தேச்சுக் கழுவி வைக்கேன்."